பேசாத படம் பேசிய கதை
சார்லி சப்ளினின் 'மொடர்ன் டைம்ஸ்': குடும்பமாகப் பார்த்துப் பேச ஒரு பாடம்



இந்த முறை பாடம் ஒரு சினிமாப் படத்தைப் பற்றியது. "சினிமாவில் என்ன பாடம் இருக்கிறது? பொழுது போகத்தானே படம்?" என்று சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இது 1936ஆம் ஆண்டு வெளிவந்த படம். தொண்ணூறு வருடங்களாக உலகம் முழுவதும் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். படத்தின் நாயகன் வாய் திறந்து ஒரு வசனமும் பேசுவதில்லை. அவன் ஒரு தொழிலாளி. தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்கிறவன், வேலை போனால் தெருவில் நிற்கிறவன். அவன் கதை நம்முடைய கதைக்குப் பக்கத்தில் வருகிறது. அதனால்தான் இதைப் பாடமாக எடுத்தோம்.

வட்டுக்கோட்டை முற்றத்தில்

எங்களுடைய சொந்த ஊர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை. வேலைக்காக மலைநாட்டுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டோம். இந்தப் படத்தை நாங்கள் முதன்முதலில் பார்த்தது 1990களின் தொடக்கத்தில், வட்டுக்கோட்டையில் ஒரு உறவுக்காரர் வீட்டு முற்றத்தில்.

அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. 1990இல் யுத்தம் மறுபடி மூண்டபோது போன மின்சாரம் வருடக்கணக்கில் வரவே இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம் அது. படம் பார்க்க வேண்டுமென்றால் டீவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுக்க வேண்டும். பெற்றோல் கிடைக்காது. ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். அது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதே கேட்காது. படத்தில் வசனம் எப்படிக் கேட்கும்? புகை வேறு கண்ணைக் கரிக்கும்.

அன்றைக்கு இரண்டு தமிழ்ப் படம் ஓடி முடிந்தது. எண்ணெய் மிச்சம் இருந்தது. கொண்டுவந்த பெடியன், "சப்ளின்ர படம் ஒண்டு கிடக்கு, போடட்டே?" என்று கேட்டான். போட்டான். ஜெனரேட்டர் பாட்டுக்கு உறுமிக்கொண்டு நின்றது. ஆனால் இந்தப் படத்துக்கு அந்த உறுமல் ஒரு தடையாகவே இல்லை. இடையிடையே வந்த இங்கிலீசு எழுத்தை வாசிக்கத் தெரியாத ஆச்சியும் சிரித்தா, நாலு வயதுப் பிள்ளையும் சிரித்தது.

அப்போது குசினிக் கதவுப் பக்கம் இன்னொரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் வேலைக்கு நின்ற பிள்ளை. பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கும். தேயிலைத் தோட்டத்திலிருந்து கூட்டிவரப்பட்டவள். வீட்டாரோடு முற்றத்தில் வந்து இருக்க அவளுக்கு இடம் இல்லை. அதைத் தப்பென்று அங்கே ஒருவரும் நினைக்கவும் இல்லை, எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆச்சி திரும்பிப் பார்த்தா. "ஏன் மோனை உதில நிக்கிறாய்? வா, இஞ்ச வந்து இரு" என்றா. பிள்ளை தயங்கித் தயங்கி வந்து பாயின் ஓரத்தில் இருந்தாள். "என்னத்துக்கு அப்பிடிச் சிரிச்சனீ?" என்று ஆச்சி கேட்டா.

அவள் சொன்னாள்: "இல்லீங்க ஆச்சி, அந்த ஆளுக்குத் திங்கிறதுக்கு நேரமே குடுக்காம மிசினு வாயில திணிக்குதுங்களே. எங்கம்மாவும் மலையில இப்பிடித்தான், நின்னுக்கிட்டே ரொட்டியப் பிச்சி வாயில போட்டுக்கிட்டு ஓடுவாங்க."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. பிறகு திரையில் அடுத்த கூத்து வந்தது, எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சொல் எங்களை விட்டுப் போகவில்லை. இந்தப் பாடத்தை எழுதத் தூண்டியதும் அந்தப் பிள்ளையின் சொல்தான்.

யார் இந்த சப்ளின்?

சார்லி சப்ளின் 1889 ஏப்ரல் 16ஆம் திகதி இங்கிலாந்தில் பிறந்தவர். வளர்ந்தது லண்டன் நகரத்தின் ஏழைத் தெருக்களில். தாய் மேடையில் பாடி நடித்தவர். தகப்பனும் பாடகர்தான், ஆனால் குடி அவரை அழித்தது. குடும்பத்தைக் கைவிட்டுப் போன அவர் 1901இல் இளவயதிலேயே இறந்துபோனார். தாய்க்குக் குரலும் போனது, பிறகு மனநோயும் வந்தது. ஏழு வயதில் சப்ளினும் அவருடைய அண்ணன் சிட்னியும் ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் அரச விடுதிக்கு அனுப்பப்பட்டார்கள். வறுமையைப் பற்றி அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டி இருக்கவில்லை.

1914இல் அமெரிக்காவில் படங்களில் நடிக்கத் தொடங்கினார். அந்த வருடமே அந்த வேடம் பிறந்துவிட்டது: தொளதொளத்த காற்சட்டை, இறுக்கமான கோட்டு, பெரிய சப்பாத்து, சின்னத் தொப்பி, கையில் பிரம்பு, மூக்குக்குக் கீழே ஒரு துண்டு மீசை. கையில் காசில்லாத நாடோடி, ஆனால் நடை உடையில் ஒரு கனவான். கீழே விழுவான், எழும்புவான், தூசியைத் தட்டித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு மறுபடி நடப்பான்.

நம்முடைய நாட்டுக்கும் அவர் வந்திருக்கிறார். 1932இல் உலகப் பயணத்தின்போது இலங்கையில் இறங்கி, கண்டிக்கும் போய்ப் பார்த்தார். அதற்கு முந்திய வருடம் லண்டனில் நடந்த ஒரு சந்திப்பு நமக்கு இன்னும் முக்கியமானது. அதைப் பிறகு சொல்கிறோம்.

படத்தின் கதை

படம் ஒரு செம்மறிக் கூட்டத்தோடு தொடங்குகிறது. மந்தை முட்டி மோதிக்கொண்டு போகிறது. நடுவில் ஒரேயொரு கறுப்பு ஆடு. அடுத்த கணம், நிலத்துக்குக் கீழே ஓடும் ரயிலிலிருந்து தொழிலாளர் கூட்டம் அதேபோல முண்டியடித்துக்கொண்டு மேலே வருகிறது. விடியற்காலை பெரட்டுக்குப் போகிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம்முடைய நாடோடி ஒரு பெரிய பெக்டரியில் நிற்கிறான. ஓடும் பெல்ட்டில் இரும்புத் துண்டுகள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு நட். இரண்டு கையிலும் ஸ்பேனரை வைத்துக்கொண்டு அவற்றை முறுக்க வேண்டும். காலையிலிருந்து மாலைவரை அவ்வளவுதான் வேலை. மூக்கில் ஈ இருந்தால் விரட்ட முடியாது, சொறிந்தால் ஒரு துண்டு தப்பிப் போய்விடும், பக்கத்தில் நிற்பவன் ஏசுவான். முதலாளி தன் அறையில் இருந்தபடி திரையில் எல்லாவற்றையும் பார்க்கிறார். "வேகத்தைக் கூட்டு" என்கிறார். கூட்டுகிறார்கள். நாடோடி கழிவறைக்குப் போய் ஒரு சிகரட் பற்றவைத்தால் அங்கேயும் சுவரில் முதலாளியின் முகம் தோன்றி, வேலைக்குப் போ என்று அதட்டுகிறது.

கடைசியில் அவனுக்குப் புத்தி பேதலிக்கிறது. பெல்ட்டோடு சேர்ந்து மிசினுக்குள்ளேயே போய்விடுகிறான். பெரிய பல்சக்கரங்களுக்கிடையே வளைந்து வளைந்து போகிறபோதும் கையில் உள்ள ஸ்பேனர் சக்கரத்தின் நட்டை முறுக்கிக்கொண்டே இருக்கிறது. வெளியே வந்தும் நிற்கவில்லை. மூக்கு, சட்டைப் பொத்தான் என்று நட் மாதிரித் தெரிகிற எல்லாவற்றையும் முறுக்கப் போகிறான். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

சுகமாகி வருகிறான், வேலை இல்லை. அது அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் வேலை இழந்து நின்ற காலம். தெருவில் ஒரு லொறியிலிருந்து அபாயக் கொடி ஒன்று விழுகிறது. "ஐயா, உங்கட கொடி" என்று கொடுப்பதற்காக எடுத்து ஆட்டிக்கொண்டு ஓடுகிறான். பின்னால் ஒரு ஊர்வலம் வந்து சேர்ந்துவிடுகிறது. தலைவன் இவன்தான் என்று பொலிஸ் பிடித்துக்கொண்டு போகிறது. மறியலில் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கிறது. விடுதலை என்றதும், "இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா?" என்று கேட்கிறான். சிரிப்பு வரும். ஆனால் மறியல்தான் நல்லது என்று ஒரு மனிதன் நினைக்க வேண்டி வந்தால், வெளியே எப்படி இருந்திருக்க வேண்டும்?

இதற்கிடையில் ஒரு பெண்பிள்ளை வருகிறாள். தாயில்லாதவள். தகப்பனுக்கு வேலை இல்லை. துறைமுகத்தில் வாழைப்பழம் திருடித் தங்கச்சிமாருக்குக் கொடுக்கிறவள். தகப்பன் ஒரு கலவரத்தில் சுடுபட்டு இறக்க, தங்கச்சிமாரை அதிகாரிகள் கொண்டுபோகிறார்கள். அவள் பசியில் ஒரு பாணைத் திருடிக்கொண்டு ஓடும்போது நாடோடியில் வந்து மோதுகிறாள். "நான்தான் திருடினேன்" என்று அவன் பழியை ஏற்கிறான். இந்தப் பாத்திரத்தில் நடித்தவர் போலெட் கொடார்ட்.

இருவரும் தண்ணீர்க் கரையில் உள்ள ஒரு ஓட்டைக் குடிசையில் குடியேறுகிறார்கள். கதவைச் சாத்தினால் மேலே இருந்து பலகை தலையில் விழும், சாய்ந்தால் சுவர் போய்விடும். ஆனாலும் அவர்களுக்கு அது ஒரு வீடு. மழைக்கு ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே சட்டி வைத்து வாழ்ந்த லயத்துக் குடும்பங்களுக்கு அந்தக் காட்சியின் சிரிப்பும் விளங்கும், வலியும் விளங்கும்.

பிறகு அவள் ஒரு ஹோட்டலில் நடனமாடி, இவனுக்கும் அங்கே வேலை எடுத்துக் கொடுக்கிறாள். அங்கேயும் நிலைக்க முடியவில்லை, அவளைப் பிடிக்க அதிகாரிகள் வந்துவிடுகிறார்கள். கடைசிக் காட்சியில் விடிகிற நேரம் இருவரும் தெருவோரம் இருக்கிறார்கள். அவள் அழுகிறாள். அவன் தேற்றுகிறான். முகத்தைக் காட்டி, சிரி என்று சைகை செய்கிறான். நீண்ட தெருவில் கைகோத்து நடந்து போகிறார்கள். அதுவே அந்த நாடோடி வேடத்தில் சப்ளின் நடித்த கடைசிப் படம்.

சாப்பாடு ஊட்டிய மிசின், சாப்பாடு ஊட்டிய மனிதன்

இனிப் பாடத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். வட்டுக்கோட்டைப் பிள்ளை பார்த்துச் சிரித்தது எந்தக் காட்சி?

ஒரு கம்பெனி முதலாளியிடம் புதிய மிசின் ஒன்றைக் கொண்டுவருகிறது. தொழிலாளிக்குச் சாப்பாடு ஊட்டும் மிசின். விற்க வந்தவர் வாய் திறப்பதில்லை. அவருக்குப் பதிலாக ஒரு இசைத்தட்டுப் பேசுகிறது. சாப்பாட்டு நேரத்தை இல்லாமல் பண்ணலாம், உற்பத்தியைக் கூட்டலாம் என்கிறது. சோதித்துப் பார்க்க நாடோடியை இழுத்து வந்து கட்டுகிறார்கள். சூப் கிண்ணம் தானாகச் சாய்கிறது. இறைச்சித் துண்டுகளை ஒரு கை தள்ளுகிறது. சோளப்பொத்தி வாய்க்கு முன்னால் சுற்றுகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பஞ்சுத் துடைப்பான் வந்து வாயைப் பக்குவமாகத் துடைக்கிறது.

பிறகு மிசின் பழுதாகிறது. சோளம் பேய்பிடித்தது போலச் சுழன்று பல்லைத் தேய்க்கிறது. சூப் நெஞ்சில் கொட்டுகிறது. பழுது பார்க்க வந்தவன் தட்டில் மறந்து வைத்த இரும்பு நட்டையும் வாயில் தள்ளுகிறது. இவ்வளவு கொடுமைக்கும் நடுவில் அந்தத் துடைப்பான் மட்டும் தவறாமல் வந்து மரியாதையாக வாயைத் துடைத்துவிட்டுப் போகிறது! விழுந்து விழுந்து சிரிக்க வைப்பது அதுதான்.

முதலாளி கடைசியில் வேண்டாம் என்கிறார். ஏன்? தொழிலாளி பட்ட பாட்டைப் பார்த்து இரங்கியா? இல்லை. இது நடைமுறைக்குச் சரிவராது என்பதற்காக. மிசின் ஒழுங்காக ஓடியிருந்தால் வாங்கியிருப்பார். இந்த ஒரு இடத்தைக் கவனித்துப் பாருங்கள்.

இதற்கு ஜோடியான இன்னொரு காட்சி படத்தின் பின்பகுதியில் வருகிறது. பலர் அதைச் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். நாடோடி ஒரு வயதான மெக்கானிக்குக்கு உதவியாளாகப் போகிறான். மெக்கானிக் மிசினுக்குள் அகப்பட்டுக்கொள்கிறார், தலை மட்டும் வெளியே. வெளியே எடுப்பதற்குள் சாப்பாட்டுச் சங்கு ஊதிவிடுகிறது, மிசின் நின்றுவிடுகிறது. என்ன செய்வது? நாடோடி தன் கையாலேயே அவருக்கு ஊட்டிவிடுகிறான். குடிக்கக் கொடுப்பதற்கு ஒரு முழுக் கோழியையே புனல் போலப் பிடித்து வாயில் ஊற்றுகிறான். இதுவும் கூத்துத்தான், இதிலும் சிந்துகிறது, கொட்டுகிறது. ஆனால் இங்கே ஊட்டுகிறவன் மற்றவனின் முகத்தைப் பார்த்து ஊட்டுகிறான்.

ஒரே படத்தில் இரண்டு ஊட்டல். ஒன்று நேரத்தை மிச்சம் பிடிக்க, மற்றது பசியை ஆற்ற. முதலாவதில் தொழிலாளி ஒரு சாமான். இரண்டாவதில் அவன் ஒரு மனிதன். சப்ளின் இதை எந்த வசனத்திலும் சொல்லவில்லை. இரண்டையும் காட்டிவிட்டு விட்டுவிட்டார்.

மிசின் கெட்டதா? காந்தியும் சப்ளினும்

இந்தப் படம் எப்படி மனதில் வந்தது என்று சப்ளின் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் டிட்ரொயிட் நகரத்துக் கார்த் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு பத்திரிகையாளர் அவரிடம் பேசியிருக்கிறார். கிராமத்திலிருந்து வந்த திடமான வாலிபர்கள் நாலைந்து வருடம் பெல்ட்டில் நின்று நரம்புத் தளர்ச்சி நோயாளிகளாகிப் போகிறார்கள் என்பதே அந்தக் கதை.

அந்த பெல்ட் முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் ஹென்றி போர்ட். 1913இல் அவருடைய தொழிற்சாலையில் கார் நகர, தொழிலாளி நின்ற இடத்திலேயே நிற்கும் முறை வந்தது. ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட முன்பு பன்னிரண்டரை மணித்தியாலம் போனது. புதிய முறையில் அது ஒன்றரை மணித்தியாலமாகக் குறைந்தது. ஆனால் ஆட்கள் நிற்கவில்லை, வந்த வேகத்தில் ஓடினார்கள். 1914இல் போர்ட் ஒரு நாள் சம்பளத்தை ஐந்து டொலராக உயர்த்தி, வேலை நேரத்தை எட்டு மணித்தியாலமாகக் குறைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். தொழிலாளி ஒரு மனிதன் என்பதைக் கணக்குப் புத்தகமும் ஒருநாள் ஒத்துக்கொள்ள வேண்டி வந்தது.

இனி அந்தச் சந்திப்புக்கு வருவோம். வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் போயிருந்த காந்தியை 1931 செப்டெம்பர் 22ஆம் திகதி சப்ளின் போய்ப் பார்த்தார். பெரிய மாளிகையில் இல்லை, துறைமுகத் தொழிலாளர் குடியிருக்கும் கிழக்கு லண்டனில் ஒரு சிறிய வீட்டில். தெருவெல்லாம் சனம். சப்ளின் கேட்ட கேள்வி இதுதான்: இந்தியா விடுதலை பெற வேண்டும் என்பது சரி, ஆனால் நீங்கள் ஏன் மிசினை வெறுக்கிறீர்கள்? நல்ல முறையில் பாவித்தால் அது மனிதனை அடிமை வேலையிலிருந்து விடுவித்து ஓய்வு தருமே?

காந்தி அமைதியாக விளக்கினார். மிசினின் பேரால்தான் இந்தியா இங்கிலாந்தில் தங்கி நிற்கும்படி ஆக்கப்பட்டது, அதனால் தன் துணியைத் தானே நூற்பது இந்தியனின் கடமை ஆகிறது என்பதே அவர் சொன்னதன் சாரம். பிறகு காந்தியும் மற்றவர்களும் நிலத்தில் இருந்து பிரார்த்தனை செய்ததையும் சப்ளின் இருந்து பார்த்தார். அந்த ஒரு பேச்சிலிருந்தே படம் பிறந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஐந்து வருடத்துக்குள் 'மொடர்ன் டைம்ஸ்' வந்தது. அதில் இருப்பதும் இதே கேள்விதான்.

காந்தி 1927 நவம்பரில் நம்முடைய நாட்டுக்கு வந்ததும் இங்கே நினைக்கத் தக்கது. மலைநாட்டுக்கும் வந்து, மாத முடிவில் யாழ்ப்பாணம் போனார். அங்கே அவரை அழைத்தது யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ். அந்த இயக்கத்தின் முன்னோடியான ஹண்டி பேரின்பநாயகம், வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து அங்கேயே கற்பித்தவர். சாதி ஒழிய வேண்டும், மனிதர் சமமாக இருந்து உண்ண வேண்டும் என்று அந்த இளைஞர்கள் அந்த நாளிலேயே பேசினார்கள். அதே ஊரில், அறுபது எழுபது வருடத்துக்குப் பிறகும், ஒரு தோட்டத்துப் பிள்ளை குசினிக் கதவில் நின்றுதான் படம் பார்க்க வேண்டி இருந்தது. இதை எழுத எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் அது இன்னும் பெரிய வெட்கம்.

சரி, மிசின் கெட்டதா? நம்முடைய தேயிலை பெக்டரியை எடுங்கள். வாட்டவும், அரைக்கவும், உலர்த்தவும், சலிக்கவும் எல்லாவற்றுக்கும் மிசின் இருக்கிறது. அவற்றையெல்லாம் கையால் செய்ய முடியாது. இப்போது சில தோட்டங்களில் கொழுந்தெடுக்கவும் கத்தரியும் மிசினும் வந்துவிட்டன. கேட்க வேண்டிய கேள்வி வேறு: மிசின் மிச்சம் பிடித்த நேரம் யாருக்குப் போய்ச் சேருகிறது? கொழுந்தெடுக்கிற அம்மாவுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து சாப்பிடக் கிடைக்கிறதா? இல்லை, கிலோக் கணக்கு மட்டும் கூடுகிறதா? தொண்ணூறு வருடத்துக்கு முந்திய படம் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது.

ஏன் பேசவில்லை?

1927இலேயே பேசும் படம் வந்துவிட்டது. தமிழில் 'காளிதாஸ்' 1931இல் வந்தது. 1936இல் எல்லோரும் பேசும் படம்தான் எடுத்தார்கள். சப்ளினும் இந்தப் படத்துக்கு முதலில் வசனம் எழுதி, சோதித்தும் பார்த்தார். பிறகு வேண்டாம் என்று விட்டார். அந்த நாடோடி இங்கிலீசு பேசினால் அவன் இங்கிலீசுக்காரன் ஆகிவிடுவான். பேசாதவரை அவன் எல்லா ஊருக்கும் சொந்தக்காரன்.

ஆனால் படம் முழு ஊமையும் இல்லை. இசை உண்டு, அதை அமைத்தவரும் சப்ளின்தான். குரலும் உண்டு. யாருடைய குரல் என்று கவனியுங்கள்: திரையில் தோன்றும் முதலாளியின் குரல், விற்க வந்த இசைத்தட்டின் குரல், மறியலில் இருக்கும் ரேடியோவின் குரல். குரல் வருவதெல்லாம் மிசின் வழியாகத்தான். மேலே இருப்பவர் மிசினூடாகப் பேசுவார், கீழே நிற்பவருக்குக் குரலே இல்லை. விடியற்காலையில் தப்புச் சத்தமும் சங்குச் சத்தமும் கேட்டே எழும்பிய தலைமுறைக்கு இது புதினம் இல்லை.

கடைசியில் நாடோடியும் வாய் திறக்கிறான், ஒரேயொரு தடவை. ஹோட்டலில் பாட வேண்டும். பாட்டு மனதில் நிற்கவில்லை, சட்டைக் கைப்பட்டியில் எழுதிக்கொண்டு போகிறான். ஆடுகிற வேகத்தில் கைப்பட்டி பறந்துபோய்விடுகிறது! வேறு வழியில்லாமல் எந்தப் பாஷையும் இல்லாத சொற்களைக் கோத்துப் பாடுகிறான். ஒரு சொல்லுக்கும் பொருள் இல்லை. ஆனால் கையாலும் கண்ணாலும் முழுக் கதையும் விளங்கிவிடுகிறது. உலகம் சப்ளினின் குரலைப் படத்தில் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

தமிழிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்து, கமல்ஹாசன் நடித்த படம். வசனமே இல்லாத அந்தப் படத்துக்குத் தமிழில் வைத்த பெயர் 'பேசும் படம்'! அதிலும் நாயகன் வேலையில்லாத இளைஞன்தான். இரைச்சலான விடுதியில் வாழ்ந்தவன் பெரிய ஹோட்டலுக்குப் போனதும், அமைதியில் நித்திரை வராமல், பழைய இடத்து இரைச்சலைப் பதிவுசெய்து வந்து போட்டுக் கேட்டுத்தான் தூங்குவான். வசனம் இல்லாமலே ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதும் அதில் தெரிந்துவிடுகிறது. சப்ளின் போட்ட பாதை அது.

ஏன் இன்னும் சிரிக்கிறோம்?

விழுகிறவனைப் பார்த்து எவரும் சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு தடவையோடு தீர்ந்துவிடும். சப்ளினின் சிரிப்பு தீராமல் இருப்பதற்கு மூன்று காரணம் எங்களுக்குத் தெரிகிறது.

ஒன்று, அவன் படுகிற பாடெல்லாம் உண்மையான பாடு. பசி, வேலையின்மை, ஒழுகும் வீடு, அதிகாரிக்குப் பயம். இவை இன்னும் உலகத்தை விட்டுப் போகவில்லை.

இரண்டு, அவன் மானத்தை விடுவதில்லை. எத்தனை தடவை விழுந்தாலும் தொப்பியைச் சரிசெய்துகொள்கிறான். நாம் அவனோடு சேர்ந்து சிரிக்கிறோம், அவனை இளக்காரமாகப் பார்த்துச் சிரிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

மூன்று, அவன் தனியாகப் போவதில்லை. முந்திய பல படங்களின் முடிவில் அந்த நாடோடி தனியாகத் தெருவில் நடந்து போவான். இந்தப் படத்தில் பக்கத்தில் ஒருத்தி இருக்கிறாள்.

சப்ளினின் சொந்த வாழ்க்கையிலும் ஒரு விடயம் நம்மைத் தொடும். அமெரிக்காவில் ஏறக்குறைய நாற்பது வருடம் வாழ்ந்து உழைத்தவர் அவர், ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை எடுக்கவில்லை. 1952இல் அவர் கப்பலில் லண்டன் போய்க்கொண்டிருந்தபோது, திரும்பி வருவதற்கான அனுமதியை அரசாங்கம் ரத்துச் செய்தது. பிறகு சுவிற்சர்லாந்தில் குடியேறினார். 1972இல் அதே அமெரிக்கா அவரைக் கூப்பிட்டு விருது கொடுத்து, எழுந்து நின்று கைதட்டியது. 1977 டிசம்பர் 25ஆம் திகதி காலமானார். அவர் உலகப் புகழ் பெற்றவர், வசதி படைத்தவர். நம்முடைய பாட்டன் பூட்டனுக்கு 1948இல் குடியுரிமை பறிபோனபோது அவர்களிடம் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் "நீ இந்த ஊர்க்காரன் இல்லை" என்ற சொல் எங்கே விழுந்தாலும் ஒரே மாதிரித்தான் வலிக்கும்.

நீங்களும் பாருங்கள்

இன்றைக்கு ஜெனரேட்டர் தேவையில்லை, கைபேசியிலேயே இந்தப் படத்தைப் பார்க்கலாம். ஆனால் தனித்தனியே பார்க்காமல், வாசிகசாலையிலோ கோயில் மண்டபத்திலோ எல்லோரும் சேர்ந்து பார்த்தால் நல்லது. படம் ஒரு மணித்தியாலமும் இருபத்தேழு நிமிடமும் ஓடும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இரண்டு நாளாகப் பிரித்துப் போடலாம். எழுத்து வரும்போது மட்டும் ஒருவர் தமிழில் சொன்னால் போதும். பார்த்த பிறகு இவற்றைப் பேசுங்கள்:

1. சாப்பாட்டு மிசினை முதலாளி வேண்டாம் என்றதற்குக் காரணம் என்ன? அது வேறு காரணமாக இருந்திருக்க வேண்டுமா?

2. நம்முடைய தோட்டத்தில் மலையில் வேலை செய்பவர்கள் எங்கே, எப்படி இருந்து சாப்பிடுகிறார்கள்? கூரையும் தண்ணீரும் உள்ள ஒரு இடம் கிடைக்க நாம் என்ன செய்யலாம்?

3. படத்தில் யாருடைய குரல் கேட்கிறது, யாருடைய குரல் கேட்கவில்லை? நம்முடைய கூட்டங்களில் எப்படி?

4. உங்கள் ஊரிலிருந்து வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா? அவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?

நாலாவது கேள்வியைச் சிரித்துக்கொண்டு கடந்து போகாதீர்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். பதினாறு வயதுவரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது கட்டாயம். இது மீறப்படுவதைக் கண்டால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

வட்டுக்கோட்டையில் அன்றிரவு படம் முடிய, ஆச்சி மிஞ்சிய சோற்றைக் கறியோடு குழைத்து உருண்டையாக்கிச் சுற்றி இருந்த எல்லோருடைய கையிலும் வைத்தா. பாயின் ஓரத்தில் இருந்த அந்தப் பிள்ளையின் கையிலும் வைத்தா. "ஆறுதலா இருந்து தின் மோனை" என்றா. அவள் அன்றைக்கு இருந்து சாப்பிட்டாள். அடுத்த நாள் விடியவே எழும்பி முற்றம் கூட்டினாள், பாத்திரம் கழுவினாள், ஒன்றும் மாறவில்லை. அவளைத் தோட்டத்துக்குத் திருப்பி அனுப்பிப் படிக்க வைக்க வேண்டும் என்று நாங்கள் ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்த இடத்தில் நாங்களும் பேசாத படம்தான்.

அந்தக் கடன் எங்களுக்கு இன்னும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளோடு இருந்து இந்தப் படத்தைப் பாருங்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடிந்ததும் பேசுங்கள்.